19 நாள் தாமதம்: ஒப்பந்தம் போச்சா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு மனையை 32 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தேன். இரண்டாவது தவணை 8 லட்சத்தை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நகைக்கடன் இழுத்ததால் 19 நாள் கழித்துத்தான் விற்பவர் கணக்கில் போட்டேன். அப்போது ஒன்றும் பேசாதவர், விலை ஏறியதும் "கெடு தாண்டிட்டீங்க, ஒப்பந்தம் செல்லாது" என்கிறார். கிரயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: முதலில் ஒப்பந்தத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அந்த 8 லட்சத்தை வரவு வைத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டிருக்கிறாரா? இல்லையென்றால், பணம் வந்ததும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் பதில் ஏதாவது இருக்கிறதா? எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டிய உடனே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. கெடுதான் முக்கியம் என்று எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு ரத்து செய்யும் உரிமையை அவர் கையில்தான் கொடுக்கிறது. அன்றைக்கே பணத்தைத் திருப்பி, ரத்து என்று நோட்டீஸ் விட்டிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்தவர், கெடுவை அவரே தளர்த்திவிட்டார் என்று வாதாட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

அதற்காகத் தெம்பாக உட்கார்ந்துவிடாதீர்கள். "நிலத்து விஷயத்துல கெடு பெரிசில்ல" என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மை. 1992-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பொதுவிதியைச் சொன்னது. ஆனால் அதே வழக்கில், பத்து நாளில் தர வேண்டிய 98,000 ரூபாயைத் தராத வாங்குபவர் தோற்றுப்போனார். தமிழ்நாட்டிலிருந்து போய் 2011-இல் தீர்ப்பான வழக்கிலும் இதே கதைதான். 1981-இல் போட்ட ஒப்பந்தம் அது. கிரயத்துக்குத் தேதி இல்லை. தவணைகளுக்குத் தேதி இருந்தது, தவறினால் ரத்து என்ற வாசகமும் இருந்தது. தவணை தவறியவருக்கு நிலம் கிடைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் வழக்கு அந்த 19 நாளில் இல்லை, மீதி 22 லட்சத்தில் இருக்கிறது. பணத்தோடு தயாராக இருந்தேன், வாங்க விருப்பத்தோடும் இருந்தேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வங்கி இருப்பு, கடன் ஒப்புதல் கடிதம் எல்லாம் இப்போதே கையில் இருக்கட்டும். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, கிரயக் கெடுவுக்குள் ஒரு தேதி குறித்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டரை வருடம் பேசாமல் இருந்து கோட்டை விட்ட மதுரைக்காரர் வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும் என்பதால், வேறு ஆளுக்கு விற்பது அவருக்குச் சுலபமில்லை. ஆகவே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வருவார்; போடாதீர்கள். சொல்லாமல் 8 லட்சத்தை உங்கள் கணக்கில் திருப்பிப் போட்டாலும் போடுவார். அதைத் தொடாமல், ஏற்கவில்லை என்று அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.