மூன்று சிகரெட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கேள்வி: உப்புவெளியில் கடற்றொழில் செய்கிறேன். வயது 52. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். இளைப்புக்குத் தியோபிலின் குளிசையும் தந்திருக்கிறார்கள். நாளுக்கு 15 சிகரெட் புகைத்தவன், இப்போது மூன்றுக்கு வந்துவிட்டேன். இது போதாதா? முற்றாக விட்ட என் மைத்துனருக்குச் சீனி கூடிவிட்டதால் பயமாக இருக்கிறது.

பதில்: 15இலிருந்து மூன்றுக்கு வர உங்களுக்கு எவ்வளவு மனவுறுதி தேவைப்பட்டிருக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும் சிகரெட்டைக் குறைத்த அளவுக்கு இருதயத்துக்கான ஆபத்து குறைவதில்லை. 141 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான பகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரேயொரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு உண்டாகும் மேலதிக இருதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. குருதி உறையும் தன்மையைக் கூட்டவும் இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கவும் சிறிதளவு புகையே போதும். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அதே குழாய்களை ஏற்கெனவே தாக்கிக்கொண்டிருப்பதால், உங்கள் விடயத்தில் அந்த மூன்றையும் விட்டேயாக வேண்டும்.

மைத்துனருக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வதுதான். புகைத்தலை விட்டவர்களுக்குப் பசி கூடி, முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோகிராம் வரை எடை ஏறுகிறது. அதனோடு சீனியும் சில காலம் ஏறக்கூடும். ஆனால் அவ்வாறு எடை ஏறியவர்களிலும்கூட, இருதய நோயால் இறப்பது தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவென்று நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே சீனி ஏறுகிறதென்று மீண்டும் சிகரெட்டைத் தொடாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் சோற்றின் அளவையும் தேநீருக்கு இடும் சீனியையும் குறைத்து, வழக்கத்தைவிட அடிக்கடி குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவராயின் மறுபுறமும் கவனிக்க வேண்டும்: புகைத்தலை விட்டபின் இன்சுலின் தேவை குறைந்து, சீனி திடீரென்று இறங்கவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது தியோபிலின்தான். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலைத் தூண்டி, இம்மருந்தை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. ஆகையால் புகைப்பவருக்குக் கூடிய அளவு தேவைப்படும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாட்களிலேயே தணிவதால், அதே குளிசை உடலில் தேங்கி, வாந்தி, படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை ஆகியவற்றை உண்டாக்கலாம். மிகக் கூடினால் வலிப்பும் வரலாம். இதற்குக் காரணம் புகையேயன்றி நிக்கொட்டின் அன்று என்பதால், தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டி பாவித்தாலும் இம்மாற்றம் நிகழும். எனவே விடப்போகும் திகதியை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவை அவரே குறைப்பார். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தேநீரிலுள்ள கஃபீனுக்கும் இதே கதிதான்: புகைத்தலை விட்டவருக்கு வழக்கமான ஐந்தாறு பிளேன்ரீயே பதற்றத்தைத் தரும், அவரோ அதைச் சிகரெட் இல்லாத குறையென்று எண்ணிக்கொள்வார். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இரவில் வள்ளத்தில் விழித்திருக்கச் சிகரெட் உதவுகிறது என்று பலர் நம்புகிறார்கள். குருதியிலுள்ள நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் பாதியாகிவிடுகிறது. அப்போது வரும் சோர்வையும் எரிச்சலையும்தான் அடுத்த சிகரெட் நீக்குகிறது. புகைத்தலை விட்டபின் முதல் மூன்று நாட்களே கடினமானவை, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். நிலவு காலத்தில் உங்களுக்குத் தொழில் குறைவென்றால், அந்நாட்களிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு ஆவலும் சில நிமிடங்களே நிற்கும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், வலையைப் பார்க்கலாம். இருமல் சில வாரம் கூடினால், சுவாசக் குழாய் தன்னைத் துப்புரவு செய்யத் தொடங்கியிருக்கலாம். நெஞ்சுவலியோ கடும் இளைப்போ வந்தால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகரெட்டுக்குப் பதிலாகப் பீடிக்கோ புகையிலை வைத்த வெற்றிலைக்கோ மாற வேண்டாம். பாக்கே வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாகும்.

பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 50 வயதளவில் புகைத்தலை விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக 6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். உங்கள் வயது அதற்கு அருகில்தான். புகைத்தலை விட ஆலோசனை வேண்டுமானால், இலங்கையில் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அடுத்த கிளினிக் நாளில், கடைசிச் சிகரெட்டின் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள்.