விட்டுப்போன ஒரு ‘க்’

கேள்வி: யுத்தம் வேண்டாம், அணிசேரா கொள்கை வேண்டும் என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். நம்முடைய இலங்கை சின்ன நாடு. பலசாலி ஒருவனின் பக்கம் ஒதுங்கி நிற்பதுதானே கெட்டித்தனம்?
- வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: அதிருக்கட்டும், ‘க்’ எங்கே ஐயா? அணிசேராக் கொள்கை. எங்களிடம் புரூப் பார்த்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். இந்த ஒற்றுக்காக என்னோடு கட்டாத மல்லு இல்லை. “ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் தம்பி, வல்லினம் மிகும்” என்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் விட்டுவிடுவேன். அச்சுக்குப் போகிற கடைசி நிமிடத்தில் அவர் செருகிவிடுவார். அவர் ஓய்வெடுத்துப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: ‘அணிசேரும் கொள்கை’ என்று எழுதினால் ஒற்று வராது. ‘சேர்ந்த கொள்கை’, அதற்கும் வராது. சேரமாட்டேன் என்று நிற்பவனுக்குத்தான் தமிழ் ஓர் எழுத்தைக் கூடுதலாகக் கொடுக்கிறது. அதுவும் மெய்யெழுத்து!

சரி, சின்ன நாட்டுக்கு வருவோம். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்குங்கள் என்று ஐ.நா.வில் கேட்டது இதே சின்ன நாடுதான். சிறிமாவோ அம்மையார் காலம். தீர்மானம் நிறைவேறியது 1971 டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே நாள். கிழக்கு வங்கத்துக்குப் பறந்த பாகிஸ்தான் விமானங்கள் அந்த வருடம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது எங்கே? கொழும்பில். ‘க்’ அப்போதே கழன்றுவிட்டது.

2024 ஜனவரியில், யேமனின் ஹூதிகளுக்கு எதிராக அமெரிக்கா திரட்டிய அணிக்குத் துணையாகச் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப் போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபாய் செலவாகும் என்பதும் அவர் சொன்ன கணக்குத்தான். கடன் கட்ட வழியில்லை என்று நாடு கைவிரித்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

பலசாலியின் பக்கம் ஒதுங்குவது பற்றி: கட்டார் அப்படி ஒதுங்கிய நாடுதான். மத்திய கிழக்கிலேயே பெரிய அமெரிக்கத் தளம் அங்கேதான் இருக்கிறது. 2025 ஜூன் 23 இரவு ஈரானின் ஏவுகணைகள் தேடி வந்ததும் அந்தத் தளத்தைத்தான். கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். மகள் கட்டாரின் டோஹாவில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அன்றைக்குக் கையில் ஃபோனோடு படலையடியில் நின்றார். “ரிங் போகுது மனே, எடுக்கிறாள் இல்ல” என்றார். 2006இல் யுத்தத்தின்போது வாகரையிலிருந்து இதே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவர். வெடிச்சத்தத்துக்குத் தப்பத்தான் இவ்வளவு தூரமும் வந்தார். மகளை அனுப்பியதோ வறுமைக்குத் தப்ப.

நடுச்சாமம் தாண்டித்தான் அழைப்பு வந்தது. ஃபோன் அறையில் கிடந்ததாம். அவள் குசினியில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தாளாம்.