பிக்கப் வாங்கும் முன் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

வாசகர் ஒருவர் எழுதிய கேள்வியின் சுருக்கம்: "பிளம்பிங் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மூன்று நான்கு இடங்களுக்குப் போய்வர வேண்டும். குழாய், கருவி எல்லாம் சேர்த்து 500 கிலோ எப்போதும் வண்டியில் இருக்கும். என்னோடு மூன்று பேர் வருவார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை டிரெய்லர் இழுக்க வேண்டும். ஐந்தாறு வருடம் ஓடிய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப் ஒன்றை வாங்கி, இன்னும் பத்து வருடம் ஓட்ட ஆசை. டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் மூன்றையும் வைத்திருப்பவர்களிடம் விசாரித்துவிட்டேன். ஒரே வண்டியை ஒருவர் தங்கம் என்கிறார், இன்னொருவர் தலைவலி என்கிறார். யாரை நம்புவது? வாங்கியபின் பின்பக்கம் லோடு தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டை போட்டுக்கொள்ளலாமா?"

இரண்டு பேரையும் நம்பலாம் என்பதுதான் என் பதில். அவர்கள் இருவரும் அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே வண்டியைப் பற்றிப் பேசவில்லை. பெயர்ப்பலகை ஒன்றாக இருக்கும். உள்ளே என்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, தயாரான வருடம் வேறு. இவை எல்லாமே ஒன்றாக இருந்தாலும் ஓட்டிய விதம் வேறாக இருக்கும்.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பழைய வண்டிகளைப் பரிசோதித்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் ஒரே நாளில் ஒரே மாதிரியான இரண்டு டீசல் பிக்கப்புகளை வாங்கினார். ஒன்று ஊருக்கு ஊர் சரக்கு கொண்டுபோனது. 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் என்ஜினைத் திறக்கவில்லை. மற்றொன்று கடைக்கும் கிடங்குக்கும் இடையில் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றியது. 70,000 கிலோமீட்டருக்குள் அதன் புகை வடிகட்டி இரண்டு முறை அடைத்து, மூன்றாவது முறை மாற்றவே வேண்டியிருந்தது. இரண்டு ஓட்டுநர்களிடமும் "வண்டி எப்படி?" என்று கேட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்த அதே இரண்டு பதில்கள்தான் கிடைத்திருக்கும்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த "ஏழெட்டு கிலோமீட்டர்"தான். அதனால் இந்த வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைய டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்துகள் அதில் சேரும். சேர்ந்ததை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்கள் பத்து நிமிடத்தில் வேலையிடத்தில் இறங்கி என்ஜினை அணைத்துவிடுவீர்கள். எரிப்பது பாதியில் நிற்கும். அடுத்த முறையும் அப்படியே. சில என்ஜின்களில் சூடேற்றுவதற்காகச் செலுத்தும் கூடுதல் டீசல் எரியாமல் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளையும் டர்போவையும் தின்றுவிடும்.

வடிகட்டித் தொல்லை குறுகிய ஓட்டத்துக்கு மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான டீசல் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் நேர்மாறாக நடந்தது. தொடர்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போதுதான் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாமல் அடைத்தது. வெள்ளைப் புகை வருகிறது, நாற்றம் அடிக்கிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்று ஓனர்கள் புகார் சொன்னார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2,64,170 வண்டிகள் குறையோடு விற்கப்பட்டவை என்று 2022-ல் தீர்ப்பானது. உலகம் முழுக்க உழைப்புக்குப் பேர் வாங்கிய வண்டிதான் ஹைலக்ஸ். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேர் அந்த ஐந்து வருட வண்டிகளைக் காப்பாற்றவில்லை. வருடத்தையும் என்ஜினையும் ஓட்டிய விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்று தெரியும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

சரி, எப்படிக் கேட்பது? "வண்டி எப்படி?" என்று கேட்காதீர்கள். காசு போட்டு வாங்கியவர் தன் முடிவைத் தாங்கித்தான் பேசுவார். "கடைசியாக எதற்குப் பெரிய செலவு செய்தீர்கள், அப்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு யாரும் சுற்றி வளைத்துப் பேச முடியாது. அடுத்து, "போன வருடம் வண்டி பட்டறையில் எத்தனை நாள் நின்றது?" உங்களைப் போல வண்டியை வைத்துப் பிழைப்பவருக்குப் பழுதுச் செலவைவிட நின்ற நாள்தான் பெரிய நஷ்டம். சின்ன உதிரி பாகம் ஒன்று வர மூன்று வாரம் ஆனது என்று அவர் சொன்னால், அது எந்த விளம்பரத்திலும் கிடைக்காத தகவல். உங்கள் பகுதியில் உதிரி பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் உங்களுக்கு ஆகாது.

20,000 கிலோமீட்டர் ஓட்டியவர் சொல்லும் பாராட்டை மரியாதையோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த வயதில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நீங்கள் தேட வேண்டியது ஒன்றரை லட்சம் தாண்டியவர்களை. நீங்கள் வாங்கப்போகும் வண்டி அந்தக் கட்டத்துக்குள்தான் நுழையும்.

குறைகளைக் கேட்கும்போது எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, ஒன்றையே சொல்கிறார்களா என்று பாருங்கள். அதிகம் விற்ற வண்டிக்கு அதிகம் புகார் இருக்கத்தான் செய்யும். ஒருவர் ஏசி, இன்னொருவர் கதவுக் கைப்பிடி, வேறொருவர் கிளட்ச் என்று சிதறிச் சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் தெரியாத ஐந்து பேர் ஒரே பாகம், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் என்று சொன்னால் அது அந்த வண்டியின் பிறவிக் குறை. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃபிரன்டியர் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்துவிடும். ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகி, கியர்பாக்ஸே போய்விடும். மற்றபடி அது முரட்டு உழைப்பு உழைக்கும் வண்டி. குறை தெரிந்தவர்கள் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிவிட்டோ, தனிக் கூலர் வைத்தோ வருடக்கணக்கில் நிம்மதியாக ஓட்டினார்கள். பிறவிக் குறை தெரிந்து, அதற்கு மலிவான வழியும் இருக்கும் வண்டி, எதுவுமே தெரியாத வண்டியைவிட மேல்.

கருத்துக்கணிப்புகளையும் பார்க்கலாம், ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்து பாருங்கள். ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வயதான வண்டிகளில் நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று கணக்கிடுகிறது. செல்போன் திரையோடு இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறை. கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. உங்களுக்கு இரண்டும் ஒன்றல்ல.

புத்தம் புது என்ஜினோடு வந்த முதல் ஒன்றிரண்டு வருட வண்டிகளைத் தவிர்க்கச் சொல்வது பழைய அறிவுரை. இன்றும் அது செல்லும். டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான டன்ட்ராவில் பல வருடம் ஓடித் தேறிய 5.7 லிட்டர் வி8 என்ஜினை எடுத்துவிட்டு, இரட்டை டர்போ வி6 வைத்தார்கள். தயாரிப்பின்போது என்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்று 2024-ல் அமெரிக்காவில் டன்ட்ராவும் லெக்சஸ் எல்எக்ஸும் சேர்த்துச் சுமார் 1,02,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது, அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2022, 2023 மாடல்கள் அவை. பழகிய என்ஜின் என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8 புதிதல்ல. ஆனாலும் 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைக்காக 2025-ல் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆகவே எதை வாங்கினாலும் சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேட்டுவிடுங்கள். காசு வாங்கமாட்டார்கள், ஐந்து நிமிட வேலை.

இனி உங்கள் மூன்று வண்டிகள். உங்கள் ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு, கிடைத்தால், 2.7 லிட்டர் பெட்ரோல் ஹைலக்ஸ். 2004 முதல் ஓடிவரும் 2டிஆர் வகை என்ஜின் அது. டர்போ இல்லை, டைமிங் செயின் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) உள்ளது, டீசல் வடிகட்டித் தொல்லை கிடையாது. ஏற்றத்தில் லோடோடு போனால் மந்தமாகத்தான் இருக்கும். பெட்ரோலும் தாராளமாகக் குடிக்கும். தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாத உங்களுக்கு அந்தக் கூடுதல் எரிபொருள் செலவு தாங்கக்கூடியதாகவே இருக்கும்.

டீசல்தான் வேண்டும் என்றால் 3 லிட்டர் டி-மேக்ஸ். டைமிங் செயின், அதிகம் இழுத்துப் பிழியப்படாத பெரிய என்ஜின். அதிக தூரம் ஓட்டியவர்களிடம் இதைப் பற்றித்தான் மிகக் குறைவான புகார்களைக் கேட்டிருக்கிறேன். டிபிஎஃப் உள்ள மாடல் என்றால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வாருங்கள். ரேஞ்சர் ஓட்ட அருமையான வண்டி, டிரெய்லர் இழுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஃபோர்டின் 2 லிட்டர் ஈக்கோபுளூ டீசல்களில் டைமிங் பெல்ட் (செயினுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் பெல்ட்) ஆயிலுக்குள் நனைந்தபடியே ஓடும் வகை உண்டு. ஆயில் மாற்றத் தாமதித்தால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் சல்லடையை அடைத்து, என்ஜினே போகும். முந்தைய ஓனர் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது காட்டினால் வாங்கலாம். "எல்லாம் சரியாகத்தான் செய்தேன்" என்ற வாய்ப்பேச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

நேரில் பார்க்கும்போது பெயின்டைப் பார்ப்பதற்கு முன் தரையில் படுத்துச் சேசிஸைப் பாருங்கள். துரு மேலாக இருந்தால் பரவாயில்லை. சின்னச் சுத்தியலால் தட்டும்போது "டங்" என்று கேட்காமல் மொத்தையாகக் கேட்டாலோ, பொருக்கு உதிர்ந்தாலோ வேண்டாம். பின் லீஃப் ஸ்பிரிங் வெறும் வண்டியிலேயே நேராகப் படுத்துவிட்டதா என்று பாருங்கள். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது, லோடே ஏற்றியதில்லை என்று சொல்லி வந்த ஒரு வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். பட்டைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன, டிரெய்லர் கொக்கியின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருத்தலாம், தேய்ந்த இரும்பைத் திருத்த முடியாது. என்ஜினை ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்தக் கூடுதல் பட்டை. முதலில் கணக்கைப் பாருங்கள். டபுள் கேப் பிக்கப் பெரும்பாலும் 1,000 கிலோவை ஒட்டித்தான் தாங்கும். அந்த 1,000 கிலோ பின்பக்கத்துக்கு மட்டுமல்ல, ஆட்களும் அதற்குள்தான். உங்கள் 500 கிலோ சாமான், நான்கு பேர் 300 கிலோ, 1,500 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கியில் அழுத்தும் எடை அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு, 150 கிலோ. மொத்தம் 950. இரும்புக் கருவிப் பெட்டியும் மேல்கூரையும் போட்டால் எல்லை தாண்டிவிட்டது. பட்டை சேர்த்தால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். சேசிஸ், அச்சு, பிரேக், டயர் எதன் பலமும் ஒரு கிலோகூடக் கூடாது. ஸ்பிரிங் வளைய வேண்டிய இடத்தில் சேசிஸ் வளையும், அதுவும் கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில். படுத்துப்போன பட்டையை அதே அளவில் புதிதாக மாற்றுங்கள். டிரெய்லர் இழுக்கும் நாட்களில் 200 கிலோ சாமானை வண்டியிலிருந்து டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றி வையுங்கள். டிரெய்லரின் சொந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.