எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி: ஒரே கணினி விளையாட்டு ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி. ஆகிய மூன்று இணையக் கடைகளிலும் விற்பனைக்கு உள்ளது. எங்கள் வீட்டில் கைபேசி டேட்டாவைத் தவிர வேறு இணைய வசதி இல்லை. எதில் வாங்கலாம்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் நிலையில் விலையைவிட டேட்டாவே பெரிய செலவு என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஜி.ஓ.ஜி.யில் வாங்கும் விளையாட்டுகளுக்கு நகல் பூட்டு, அதாவது வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும் தடை, இல்லை. நிறுவற்கோப்பை மட்டக்களப்பு நகரில் நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டில் ஒருமுறை பதிவிறக்கி, வன்தட்டில் கொண்டுவந்து, செயலியோ இணையமோ இன்றி நிறுவிக்கொள்ளலாம். ஆனால் புதிய பெரிய வெளியீடுகள் பல அங்கு வருவதில்லை.

2003இல் தொடங்கிய ஸ்டீமில் தெரிவு மிக அதிகம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஒரே வீட்டு வலையமைப்பிலுள்ள இன்னொரு கணினியில் அதே விளையாட்டு இருந்தால், 2023 முதல் கோப்புகளை அதிலிருந்தே நகர்த்தவும் முடிகிறது. தானியங்கிப் புதுப்பிப்புகளுக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்க மறந்துவிடாதீர்கள். இல்லையேல் மாதாந்த டேட்டா ஒரே இரவில் கரைந்துவிடக்கூடும்.

2018 டிசம்பரில் வந்த எபிக், விற்பனையில் 12 சதவீதமே எடுப்பதாக அறிவித்தது. ஸ்டீமின் வழமையான பங்கு 30 சதவீதம். அந்த வேறுபாடு விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே பெரும்பாலும் போகிறது, நமக்கு விலை குறைவது அரிது. எபிக்கில் கிடைக்கும் இலவச விளையாட்டுகளுக்காக அங்கு ஒரு கணக்கைத் திறந்து வைத்திருங்கள். பணம் கொடுத்து வாங்குவதென்றால், கிடைக்கும்போது ஜி.ஓ.ஜி., கிடைக்காதபோது ஸ்டீம்.