பிள்ளைக்கு ஹெல்மெட் பரிசு: அளவு பற்றிய கேள்வி பதில்

பைக்கில் கூட வரும் பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்க நினைக்கும் மாமா, அத்தை, தாத்தாக்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

தக்கலையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, கிறிஸ்மஸுக்கு தங்கச்சி மகனுக்கு ஹெல்மெட் வாங்கணும். ஆறு வயசு. வயசைச் சொன்னா கடையில சரியான சைஸ் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரே வகுப்புப் பிள்ளைகளிலேயே தலைச் சுற்றளவு இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசப்படும். தையல்காரர் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்கவும். மூன்று தடவை அளந்து, வருவதில் பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் வாங்குவதானால், அவன் தூங்கும்போது அவன் தலையை ஒரு சணல் நூலால் சுற்றி முடிச்சிட்டு வைக்குமாறு தங்கச்சியிடம் சொல்லுங்கள். அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளந்தால் போதும். இழுபடும் நூல் வேண்டாம். பள்ளித் தொப்பியை வைத்தும் அளக்க வேண்டாம், அது நெகிழ்ந்திருக்கும்.

சைஸ் எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'எஸ்' என்று போட்டிருப்பதை நம்பாமல், எத்தனை செ.மீ. என்று ஸ்டிக்கரில் பார்த்து வாங்கவும். அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

குளச்சல், ஒரு அத்தை: வளர்ற பிள்ளதானே. ஒரு சைஸ் கூட்டி வாங்கி, உள்ள துணி வச்சுக் கொடுத்தா ரெண்டு வருசம் ஓடுமே?

தயவுசெய்து வேண்டாம். பாவாடை சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது. அடி விழும்போது ஓட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரைதான் நசுங்கி அதிர்வை வாங்கும். தலை அதோடு ஒட்டி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். லூசாக இருந்தால் முதல் அடியிலேயே ஹெல்மெட் நகர்ந்து நெற்றியோ பின்மண்டையோ வெளியே வந்துவிடும், கழன்றும் போகலாம். உள்ளே வைக்கும் துணி அழுந்திச் சரியுமே தவிர நுரையின் வேலையைச் செய்யாது. இன்றைய தலைக்கு வாங்குங்கள். தலை வளர்ந்து இறுக்கமானதும் புதிதுதான்.

மார்த்தாண்டம்: கடைக்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம். போட்டுப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்கணும்?

நெற்றியை மறைத்து, புருவத்துக்குச் சற்று மேலே நேராக உட்கார வேண்டும். பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தால் அது பிள்ளையின் அளவு இல்லை. வாரை மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. பிறகு ஹெல்மெட்டை இரு கையால் பிடித்து இடம் வலமாக மெல்லத் திருப்புங்கள்: நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரியது.

அடுத்ததை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். வார் மாட்டியபடியே, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் தள்ளுங்கள். கழன்று கண் மேல் வந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.

முன்னும் பின்னும் இறுகி, கண்ணுக்குப் பக்கவாட்டில் நெற்றிப்பொட்டில் மட்டும் இடைவெளி தெரிந்தால் தலை நீள வடிவம். சைஸைக் கூட்டுவதால் பயனில்லை, வேறு மாடல் போட்டுப் பார்க்கவும். பத்து நிமிடம் கழற்றாமல் வைத்திருந்து, கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் அழுத்துகிறது. கன்னத்து மெத்தை லேசாக இறுக்குவது நல்லதே, பழகப் பழக அது சற்று அமுங்கும்.

சரியாகப் பொருந்தும் இரண்டில் கனம் குறைந்ததை எடுங்கள். சின்னக் கழுத்துக்கு அது பெரிய உதவி.

ஆரல்வாய்மொழி: முப்பந்தல் பக்கம் காத்து அடிச்சா மகனோட ஹெல்மெட் பின்னால தூக்குது. வாரை இறுக்கினா போதுமா?

வார் தளர்ந்திருந்தால் மட்டும் போதும். சரியாக மாட்டியும் தூக்குகிறது என்றால் ஹெல்மெட் பெரிது. வாரை இன்னும் இறுக்கினால் தொண்டைதான் அழுந்தும்.

திங்கள்நகர்: மகளுக்கு நீள முடி. கொண்டை போட்டா ஹெல்மெட் ஏறமாட்டேங்குது, என்ன செய்ய?

உச்சிக் கொண்டை, பெரிய கிளிப், ஹேர்பேண்ட் மூன்றும் ஹெல்மெட்டுக்கு அடியில் கூடாது. தலைக்கும் நுரைக்கும் நடுவே கடினமான பொருள் இருந்தால் விழும்போது அதுவே குத்தும். பிடரியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள். தினமும் எப்படிப் பின்னுவீர்களோ அப்படியே பின்னி அளவெடுக்கவும். பூ வைப்பதானால் இறங்கியபின் வைக்கலாம்.

நாகர்கோவில்: சார், பேரனுக்கு மூணு வயசு. அவனுக்கும் கட்டாயமா?

ஆம். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவே கட்டாயமாக்குகிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி உண்டு: தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிள்ளையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை, வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஹெல்மெட்டோடு பட்டையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பரிசு முழுமையாகும்.

வடசேரி: ரோட்டோரத்துல கார்ட்டூன் படம் போட்டு விக்கிறதும் ஐ.எஸ்.ஐ.னுதான் சொல்றாங்க.

முத்திரை மட்டும் போதாது. மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வரும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே குற்றம்.

அழகியமண்டபம்: அண்ணன் மகள் வெளியூர்ல குதிரை சவாரி படிக்கா. இதே ஹெல்மெட்டைக் கொடுத்துவிடலாமா?

கூடாது. பைக் ஹெல்மெட் கனம் கூடியது, காதை மூடும். குதிரை மேல் இருக்கும் பிள்ளைக்குப் பயிற்சியாளர் குரல் கேட்க வேண்டும். சவாரித் தொப்பிக்குத் தனிச் சோதனைகள் உண்டு; உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 (அமெரிக்கத் தரம்) அல்லது இ.என். 1384 (ஐரோப்பியத் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள். எந்தத் தரத்தை ஏற்பார்கள் என்று பயிற்சி நிலையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளவும். அளவெடுப்பதும் அசைத்துப் பார்ப்பதும் மேலே சொன்னபடியே.

கன்னியாகுமரி: கடற்காத்துல திருகு எல்லாம் துருப்பிடிக்குது. மழையில நனைஞ்சா நாத்தம் வேற.

வைசர் எனும் முகக் கண்ணாடியின் திருகையும் வாரின் பக்கிளையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். பக்கிள் சிக்கினால் அந்த ஹெல்மெட்டைப் பயன்படுத்த வேண்டாம். உள்மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் பேபி ஷாம்பூவில் அலசி நிழலில் காயவிடவும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் ஃபேன் அடியில் வைத்தால் சீக்கிரம் உலரும். பெட்ரோல், தின்னர், பெயிண்ட் எதுவும் ஓட்டில் படக் கூடாது. வெளியே தெரியாமல் பிளாஸ்டிக்கை உளுத்துப்போகச் செய்துவிடும். பிள்ளையின் பெயரை எழுத ஆசைப்பட்டால் உள்வாரில் நூலால் தைத்துக் கொடுங்கள்.