லூபஸ் மருந்து ஆய்வில் வேலை: பயப்படும் பெற்றோருக்கு ஒரு பதில்

உயிரியல் சார்ந்த பட்டம் முடித்த உங்கள் மகள், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ், முடக்கு வாதம் போன்ற நோய்களுக்கான மருந்து ஆய்வில் சேர ஆசைப்படுகிறாள். "டாக்டருக்குப் படிக்காமல் அங்கே போனால் கடைசிவரை ஃபைல் தூக்கிக்கொண்டுதானே இருக்கணும்?" என்பது உங்கள் கேள்வி. ஃபைல் வேலை நிறையவே இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த நோய்களில் ஒரு மருந்து ஜெயிப்பதும் தோற்பதும் பெருமளவு அந்த ஃபைலில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அவளுக்கு அதில் ருசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்பளம், பதவி எல்லாம் அதற்குப் பிறகு.

இரத்த அழுத்த மருந்தைச் சோதிப்பவருக்கு ஓர் அளவு போதும். லூபஸில் ஒருவருக்குத் தோல் பாதிக்கும், இன்னொருவருக்குச் சிறுநீரகம், மற்றொருவருக்கு மூட்டும் இரத்த அணுக்களும். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த ஸ்லீடாய் என்ற மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 24 வரிகள். வலிப்புக்கு 8, மூட்டழற்சிக்கு 4, புதிய தோல் தடிப்புக்கு 2, காய்ச்சலுக்கு 1 என்று போகும். பல ஆய்வுகளில் பயன்படும் எஸ்ஆர்ஐ-4 என்ற அளவுகோலின்படி நோயாளி தேறினார் என்று சொல்ல, ஸ்லீடாய் 4 புள்ளியாவது குறைய வேண்டும். கூடவே, உறுப்பு வாரியாகப் பார்க்கும் பைலாக் அட்டவணையிலும் மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீட்டிலும் நிலைமை மோசமாகியிருக்கக் கூடாது.

இங்கேதான் சறுக்கல் நடக்கும். சிறுநீரில் சிவப்பணு இருந்தால் 4 புள்ளி. மாதவிடாய் நாளில் எடுத்த சிறுநீரில் சிவப்பணு தெரிந்து, ஆய்வு மையத்தில் தகவல்களைப் பதிவு செய்யும் ஒருங்கிணைப்பாளர் அதை விசாரிக்காமல் விட்டால், நோயே இல்லாத இடத்தில் 4 புள்ளி ஏறிவிடும். அடுத்த முறை அது மறையும்போது, போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்துச் சரக்கே இல்லாத ஒன்று) வாங்கியவரும் 'தேறியவர்' ஆகிவிடுவார். லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பலர் இளவயதினர். ஆகவே இது அபூர்வமான பிழை இல்லை. மூட்டழற்சியும் அப்படித்தான். இரண்டு மூட்டிலாவது வலியோடு வீக்கம் போன்ற அழற்சிக் குறியும் இருக்க வேண்டும், வெறும் வலிக்குப் புள்ளி கிடையாது. இன்னொரு வினோதம்: பத்து மூட்டு வீங்கியிருந்தவருக்கு இரண்டாகக் குறைந்தாலும் ஸ்லீடாய் அதே 4தான் காட்டும். ஓரளவு தேறியதைப் பிடிக்கத்தான் பைலாக்.

ஆய்வில் சேர்க்க ஸ்லீடாயில் 6 புள்ளி வேண்டும் என்ற விதி இருந்தால், சேர்க்கும் நாளில் மட்டும் புள்ளியைத் தாராளமாகப் போடும் மையங்கள் உண்டு. பிறகு எல்லாரும் 'குணமாகிறார்கள்'. லூபஸ் ஆய்வுகளில் போலி மருந்துப் பிரிவும் நன்றாகத் தேறுவதற்கு இது ஒரு காரணம். உடன் கொடுக்கும் ஸ்டீராய்டு மற்றொன்று. பெலிமுமாப் என்ற லூபஸ் மருந்தின் பிளிஸ்-52 ஆய்வில் போலி மருந்துப் பிரிவில் சுமார் 44 சதவீதமும், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மருந்து வாங்கிய பிரிவில் சுமார் 58 சதவீதமும் பலன் காட்டினார்கள். அந்த இடைவெளியையும் பிளிஸ்-76 என்ற இன்னோர் ஆய்வையும் வைத்துத்தான் 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனிஃப்ரோலுமாப் என்ற இன்னொரு லூபஸ் மருந்தின் கதை இன்னும் பாடம் தருவது. டியூலிப்-1 ஆய்வு எஸ்ஆர்ஐ-4இல் தோற்றது. டியூலிப்-2இல், முடிவுகளைத் திறந்து பார்க்கும் முன்பே, முதன்மை அளவுகோலை பைலாக்கை அடிப்படையாகக் கொண்ட பிக்லா என்ற அளவுகோலுக்கு மாற்றினார்கள். மருந்துப் பிரிவில் ஏறத்தாழ 48 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 32 சதவீதம் என்று ஜெயித்து, 2021இல் அனுமதி வந்தது. இந்தக் கதையைக் கேட்டதும் "ஏன் மாற்றினார்கள்? எப்போது மாற்றினார்கள்?" என்று உங்கள் மகள் கேட்டால், அவள் சரியான துறையைத்தான் தேடுகிறாள்.

உள்ளே போகும் வாசல்களில் ஒன்று மருத்துவருடையது: மருத்துவப் பட்டம், பொது மருத்துவம், பிறகு வாதவியல் (மூட்டு, வாத நோய்களுக்கான சிறப்பு மருத்துவம்) என்று நீண்ட வழி. ஆய்வு மையத்தின் முதன்மை ஆய்வாளர் அங்கிருந்துதான் வருவார். உங்கள் மகள் அந்தப் பாதையில் இல்லை, ஆகவே அதை விடுவோம்.

அவளுக்கு எளிதாகத் திறப்பது ஒருங்கிணைப்பாளர் வேலை. நோயாளியின் வருகைகளைத் திட்டமிடுவது, ஒப்புதல் படிவத்தின் சரியான பதிப்பு கையெழுத்தாவதைப் பார்ப்பது, மாதிரிகளை உரிய நேரத்தில் பதப்படுத்தி அனுப்புவது, உடன் எடுக்கும் ஒவ்வொரு மாத்திரையையும் தேதியோடு எழுதுவது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் பல லூபஸ் ஆய்வுகளில் தடை செய்யப்பட்ட மருந்தைத் தொட்ட நோயாளி, உண்மையில் தேறியிருந்தாலும், 'பலன் இல்லை' பட்டியலில் சேர்வார். கடுமையான பக்கவிளைவு தெரிந்தால் வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும், விடுமுறை நாளானாலும். ஓரிரு ஆண்டு இதைச் செய்தவர்கள் மையங்களைச் சுற்றிச் சரிபார்க்கும் கண்காணிப்பாளராகவோ, மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கோ, திட்ட மேலாண்மைக்கோ போகிறார்கள். கண்காணிப்பாளர் வேலையில் பயணம் அதிகம், வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கணக்கு பிடிக்கும் பிள்ளை என்றால் நான் புள்ளியியல் பக்கம்தான் தள்ளுவேன். உயிர்ப்புள்ளியியலில் முதுகலை, ஆர் அல்லது சாஸ் மென்பொருளில் பழக்கம், இரண்டும் வேண்டும். பாதியில் விலகியவரை எப்படிக் கணக்கில் எடுப்பது, ஸ்டீராய்டு அளவைக் கூட்டியவரை என்ன செய்வது என்ற கேள்விகள் வாத நோய் ஆய்வுகளில் தீர்வதே இல்லை. ஆகவே இந்த ஆட்களுக்குத் தேவையும் குறைவதில்லை.

'கிளினிக்கல் ரிசர்ச்' என்று பெயர் போட்ட குறுகிய கால டிப்ளமோக்களில் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வு மையத்தில் மாணவரை உட்கார வைப்பார்களா, எத்தனை வாரம்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். நல்மருத்துவ ஆய்வு நடைமுறை, அதாவது ஜிசிபி சான்றிதழை இணையத்தில் சில மணி நேரத்தில் வாங்கிவிடலாம். அதற்கென்று பெரிய தொகை கேட்டால் சந்தேகப்படுங்கள். அந்த நடைமுறை விதிகளின், 2025இல் வெளியான ஆர்3 பதிப்பை வைத்துச் சொல்லித் தருகிறார்களா என்றும் பாருங்கள்.

பணம் கட்டாமலே அவளைச் சோதித்துப் பார்க்கலாம். மருந்து ஆய்வுகளின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய கிளினிக்கல்டிரையல்ஸ்.ஜிஓவி தளத்தில் ஒரு லூபஸ் ஆய்வின் பதிவைத் திறந்து, சேர்ப்பு விதிகளையும் விலக்கு விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்திலேயே 'ஏன்?' என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்டீராய்டுக்கு ஏன் உச்சவரம்பு? கருத்தடை ஏன் கட்டாயம்? கடும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவரை ஏன் தனி ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்? அதன் பிறகு ஸ்லீடாய் பட்டியலைக் கையில் கொடுத்து, பொதுவெளியில் கிடைக்கும் ஐந்து நோயாளி விவரிப்புகளுக்குப் புள்ளி போடச் சொல்லுங்கள். எங்கே தகவல் போதவில்லை என்று அவளாகவே கோடிட்டால் நல்ல அறிகுறி. தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பினால், ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அனுப்பும் முன் இதே பயிற்சியை இன்னும் பத்து விவரிப்புகளுக்குச் செய்ய வையுங்கள்.