ஜெனரல் டிஸ்சார்ஜை ஹானரபிள் ஆக்க முடியுமா?

கேள்வி: நான் மதுரைக்காரன். மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தேன். தமிழ் தெரியும் என்ற தகுதியில், 2009-ல் மாவ்னி (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக்கொண்ட) திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். பயிற்சி முடிவதற்குள் குடியுரிமையும் கிடைத்தது. 2011-12-ல் காந்தஹார் பக்கம் பத்து மாதம் இருந்தேன். திரும்பி வந்தபின் தூக்கம் போனது, குடி வந்தது. இரண்டு முறை ஆர்ட்டிகிள் 15 தண்டனை (நீதிமன்றம் இல்லாமல் கமாண்டரே தருவது), அப்புறம் 11 நாள் ஏவால் (அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போவது). 2013 ஜூனில் ‘ஜெனரல்’ டிஸ்சார்ஜ், அதாவது முழு மரியாதையான ‘ஹானரபிள்’-க்கு ஒரு படி கீழான விடுவிப்பு, கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் அது தானாக ஹானரபிள் ஆகிவிடும் என்றார் சார்ஜென்ட். ஆகவில்லை. இப்போது மேலே படிக்க ஆசை, ஆனால் எனக்கு ஜிஐ பில் (முன்னாள் படையினருக்கான கல்வி உதவி) கிடையாது என்கிறார்கள். மேல்முறையீடு செய்தால் இருப்பதும் போய்விடுமோ, குடியுரிமைக்கே ஆபத்து வருமோ என்று மனைவி பயப்படுகிறார். வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் சார்ஜென்ட் சொன்ன ஆறு மாதக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அதை நம்பிச் சும்மா இருந்தே காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. எந்த டிஸ்சார்ஜும் தானாக உயராது, ஆறு மாதத்திலும் இல்லை, அறுபது வருடத்திலும் இல்லை. விண்ணப்பித்தால்தான் கோப்பையே திறப்பார்கள். கையெழுத்துப் போட வைக்கும் நாளில் சமாதானத்துக்காகச் சொல்லி அனுப்புகிற வார்த்தை அது.

அடுத்தது உங்கள் மனைவியின் பயம். டிஸ்சார்ஜை மறுபரிசீலனை செய்யும் வாரியமான டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டு உங்கள் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தலாம், அல்லது இருந்தபடியே விடலாம். குறைக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் கிடையாது. குடியுரிமை விஷயத்தில் அவர் பயந்ததிலும் ஒரு நியாயம் உண்டு. போர்க்கால ராணுவச் சேவையை வைத்துக் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து வருட நற்சேவை முடிப்பதற்குள் ஜெனரலுக்கும் கீழான ‘அதர் தேன் ஹானரபிள்’ நிலையில் வெளியேற்றப்பட்டால் அந்தக் குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாவ்னியில் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பலருக்கு இது தெரியாது. ஆனால் உங்களுக்கு விழுந்தது அது அல்ல. உங்கள் தாளில் முழுதாக எழுதியிருப்பது ‘ஜெனரல், அண்டர் ஹானரபிள் கண்டிஷன்ஸ்’. பெயரிலேயே ஹானரபிள் இருக்கிறது. அந்தப் பிரிவு உங்களைத் தொடாது என்று வீட்டில் சொல்லுங்கள்.

இனி உங்கள் விடுவிப்புச் சான்றான டிடி 214 தாளை எடுத்து மேசையில் வையுங்கள். அடியில் ‘மெம்பர்-4’ என்று இருக்கிற பிரதிதான் வேண்டும். ‘மெம்பர்-1’ பிரதியில் கீழ்ப்பகுதி இருக்காது, நமக்கு வேண்டிய சங்கதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. 24-ம் கட்டத்தில் சேவையின் தரம், 28-ல் வெளியேற்றத்துக்கான காரணம். உங்களுக்குப் பெரும்பாலும் ‘மிஸ்கான்டக்ட்’ (ஒழுங்கீனம்) என்று ஏதாவது இருக்கும். வேலைக்கு எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சொல்தான். அதனால் விண்ணப்பத்தில் 24-ஐ மட்டும் கேட்காமல் 28-ஐயும் மாற்றக் கேளுங்கள். தரத்தை ஹானரபிள் ஆக்கிவிட்டுக் காரணத்தில் ‘மிஸ்கான்டக்ட்’ அப்படியே இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பாருங்கள். 18-ம் கட்டத்தில் நீங்கள் ஆப்கானிஸ்தானில் இருந்த தேதிகள் இருக்கும். 29-ல் ‘இழந்த நாட்கள்’ என்று அந்த 11 நாள் இருக்கும். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தேதிக்கும் அந்த 11 நாள் தொடங்கிய தேதிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். உங்கள் வழக்கே அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

எங்கே விண்ணப்பிப்பது? இரண்டு வாரியங்கள் உண்டு. டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டுக்கு டிடி 293 படிவம், வெளியேறிய நாளிலிருந்து 15 வருடக் கெடு. உங்களுக்கு அது 2028 ஜூனில் முடிகிறது. கெடு தாண்டியவர்களும், ஜெனரல் கோர்ட் மார்ஷல் (உயர்நிலை ராணுவ நீதிமன்றம்) தண்டனையால் வெளியேற்றப்பட்டவர்களும், மருத்துவ ஓய்வாக மாற்றக் கேட்பவர்களும் போக வேண்டியது ஆவணத் திருத்த வாரியத்துக்கு, டிடி 149 படிவத்தோடு. அங்கே கெடு மூன்று வருடம்தான் என்றாலும் நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். நீங்கள் முதல் வாரியத்திலேயே தொடங்குங்கள். அங்கே தோற்றால் இரண்டாவது வாசல் மிச்சம் இருக்கும்.

முதல் வாரியத்திலும் ஒரு வரிசை உண்டு. காகிதத்தை மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம், அல்லது நேர் விசாரணை கேட்கலாம். காகித வழியில் மறுத்துவிட்டால், கெடுவுக்குள் மறுபடி விசாரணை கேட்க முடியும். முதலிலேயே விசாரணைக்குப் போய்விட்டால் காகித வழிக்குத் திரும்ப முடியாது. எனவே காகிதம் முன்னால், விசாரணை பின்னால். பதில் வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், 2028-ஐ நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கடைசி வருடத்தில் அனுப்பினால் இரண்டாவது வாய்ப்பு கையை விட்டுப் போய்விடும்.

அந்த மேசையில் வாரிய உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காந்தஹாரில் உங்களோடு இருந்தவர்கள் அல்ல, உங்கள் கம்பெனி கமாண்டரையும் தெரியாது. ராணுவம் செய்தது முறைப்படிதான் நடந்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் கோப்பைத் திறப்பார்கள். அவர்கள் பார்ப்பது இரண்டு: வெளியேற்றியதில் சட்டப்பிழை இருந்ததா, பிழை இல்லாவிட்டாலும் அது நியாயமானதா. உங்களுக்கு முதலாவது கடினம். இரண்டாவதில்தான் பலம் இருக்கிறது.

அதற்குக் காரணம் மூன்று சுற்றறிக்கைகள். 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலாளர் ஹேகல் ஒன்று அனுப்பினார்: பிடிஎஸ்டி (போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) இருந்ததாகச் சொல்லும் விண்ணப்பங்களைத் தாராள மனதோடு பாருங்கள் என்று. 2017 ஆகஸ்டில் வந்த குர்டா சுற்றறிக்கை அதை விரித்து, மூளைக் காயம், மற்ற மனநலப் பாதிப்புகள், பாலியல் வன்முறை எல்லாவற்றையும் சேர்த்தது. 2018 ஜூலையில் வந்த வில்கி சுற்றறிக்கை, வெளியேறிய பிறகு எப்படி வாழ்ந்தார், தவறை ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் பார்க்கச் சொன்னது. உங்கள் கையில் இருக்க வேண்டியது நடுவில் உள்ளது. குர்டா நான்கு கேள்விகளை வைக்கிறார். குற்றத்தின் கனத்தைக் குறைக்கக்கூடிய பாதிப்பு ஒன்று உங்களுக்கு இருந்ததா? அது சேவைக் காலத்திலேயே இருந்ததா? அது உண்மையிலேயே குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறதா? குறைக்கிறது என்றால், வெளியேற்றிய காரணத்தை விட அது பெரிதா?

முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல, அன்று டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்களே எழுதித் தரும் வாக்குமூலமும் போதுமான சான்றாகலாம் என்று குர்டா சொல்கிறார். நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ‘மனநல டாக்டர்’ என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களே என்று போகாமல் இருந்தவர்கள்தான் நம்மில் அதிகம். மூன்றாவது கேள்வியில்தான் முக்கால்வாசி விண்ணப்பங்கள் கவிழ்கின்றன, நான் படித்த வரையில். பிடிஎஸ்டி இருந்தது என்று நிரூபித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாதிப்புக்கும் அந்தச் செயலுக்கும் முடிச்சுப் போடுவதில்லை. திட்டமிட்டுச் செய்த திருட்டுக்கு பிடிஎஸ்டி காரணம் என்றால் வாரியம் ஏற்காது. குடியும், முகாமை விட்டு ஓடிப்போவதும் அப்படி அல்ல. தூங்க முடியாதவன் குடிக்கிறான், அடைபட்டவன் ஓடுகிறான் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததையும் நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

எப்படி எழுதக் கூடாது என்று சொல்கிறேன். ‘நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தேன், என் வாழ்க்கையையே பாழாக்கிவிட்டார்கள், கருணை காட்டுங்கள்.’ இந்த மாதிரிக் கடிதத்தில் ஒரு தேதிகூட இருக்காது. படிப்பவர் பரிதாபப்படலாம், தீர்ப்பு எழுத அவருக்குக் கையில் எதுவும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள், தேதிகளை உங்களுடையதாக மாற்றிக்கொண்டு: ‘போவதற்கு முன் இரண்டு வருடத்தில் என் பெயரில் ஒரு எச்சரிக்கைத் தாள்கூட இல்லை. 2012 ஜூனில் திரும்பினேன். ஆகஸ்டிலிருந்து இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியதில்லை. தூங்குவதற்காகக் குடித்தேன். அக்டோபரில் காலை அணிவகுப்புக்கு மது வாடையோடு போனதற்கு முதல் ஆர்ட்டிகிள் 15.’ அப்புறம் அந்த 11 நாள். எங்கே போனீர்கள், யார் வீட்டில் இருந்தீர்கள், ஏன் திரும்பினீர்கள்? தானாகத் திரும்பி வந்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், பிடித்துக்கொண்டு வந்திருந்தால் மறைக்காதீர்கள். கோப்பில் அது இருக்கும். செய்தது தவறுதான் என்று ஒரு வரி வேண்டும். ஒன்று போதும், பத்து வேண்டாம்.

வாக்குமூலத்துக்குத் துணை வேண்டும். செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்பி, உங்கள் முழுச் சேவைக் கோப்பையும், முன்னாள் படையினர் நலத் துறையான விஏவிடமிருந்து மருத்துவக் கோப்பையும் வாங்குங்கள். அது கைக்கு வராமல் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம். வாரியம் படிக்கப் போகும் தாளை நீங்கள் படிக்காமல் போவது தேர்வுக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் போவது மாதிரி. சேவைக் கோப்பில் டிஏ 4856 என்ற கவுன்சலிங் தாள்கள் (உங்கள் நடத்தையைப் பற்றி மேலதிகாரி எழுதியவை) இருக்கலாம். காந்தஹாருக்கு முன்னால் எழுதியவற்றையும் பின்னால் எழுதியவற்றையும் தனித்தனியாக அடுக்கிப் பாருங்கள். ‘நேரம் தவறாதவர்’ என்று எழுதிய அதே கை ஒரு வருடம் கழித்து ‘தொடர்ந்து தாமதம்’ என்று எழுதியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

வீட்டுச் சாட்சியமும் செல்லும். அந்த நாட்களில் அம்மாவோடு ஸ்கைப்பில் பேசியிருப்பீர்கள். ‘பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று கோபப்பட்டு வைத்துவிடுவான், பழைய பிள்ளை இல்லை’ என்பதை அவர் தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்து இணையுங்கள். மூலக் கடிதத்தை ஆங்கிலத்திலேயே யாராவது அழகாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது அம்மாவின் கடிதமாக இருக்காது. கூட இருந்த படைவீரர் ஒருவர் எழுதினால் இன்னும் நல்லது.

அப்புறம், விஏ. ஜெனரல் டிஸ்சார்ஜுக்கு மருத்துவமும் ஊனச் சலுகையும் உண்டு. இல்லாதது ஜிஐ பில்தான், அதற்கு ஹானரபிள் கட்டாயம். பலர் இதைக் குழப்பிக்கொண்டு விஏ பக்கமே போவதில்லை. இப்போதே போய் பிடிஎஸ்டிக்கு ஊனச் சலுகை கோரிக்கை போடுங்கள். சேவையோடு தொடர்புடையது என்று விஏ முடிவு செய்தால் அது வாரியத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வலுவான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது குர்டா. முதல் ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டு மறுபடி கையெழுத்திட்டுத் தொடர்ந்தீர்களா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் முதல் காலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, அதை வைத்தே ஜிஐ பில் கிடைக்க வழி இருக்கலாம். இன்னொரு நல்ல செய்தி: 2013 ஜனவரி 1-க்குப் பிறகு வெளியேறியவர்களுக்கு, 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில்லுக்குக் காலாவதி கிடையாது. டிஸ்சார்ஜ் எப்போது உயர்ந்தாலும் படிப்பு காத்திருக்கும்.

வக்கீல் வேண்டுமா? கட்டாயம் இல்லை, ஆனால் இருந்தால் நல்லது, அதுவும் இலவசமாக. அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படையினர் அமைப்புகள் உதவுகின்றன. யேல், ஹார்வர்டு உட்படப் பல சட்டக் கல்லூரிகளில் இதற்கென்றே உதவி மையங்கள் இருக்கின்றன. ‘நிச்சயம் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வாரியங்களின் பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் இருக்கின்றன. ஏவாலும் குடியும் சேர்ந்த பத்துத் தீர்ப்புகளைப் படித்தால் எந்த வாதம் நின்றது, எது விழுந்தது என்று உங்களுக்கே பிடிபடும்.

எல்லாம் தயாரானதும் ஒரு முழுப் பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அதற்கு முன் டிடி 293-ன் கையெழுத்து இடத்தை ஒருமுறை பாருங்கள். அறுபது பக்கம் இணைத்துவிட்டு அங்கே கையெழுத்துப் போட மறந்தால் கட்டு அப்படியே திரும்பி வரும், நாட்கள்தான் போகும்.